எருமைக்கன்று இன்னும் தண்ணீரில்

பள்ளிக்கூடத்துக்கே போகாத தலையில் பேன் எங்கிருந்து வந்து சேரும்? கோகிலவாணிக்கு அதுதான் விளங்கவில்லை. பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து தலையோடு தலை முட்டி எழுதுகிற பிள்ளைகளுக்கு வரும், சரி. தன் தலையிலேயே அஞ்சாம் வகுப்பு முடிகிறவரை ஒரு வம்சம் குடியிருந்தது, அதுவும் சரி. ஆனால் மிருதுளா பள்ளிக்கூட வாசலை மிதித்து ஒரு மழைக்காலமும் பாதிக் குளிர்காலமும் ஆகிவிட்டது. அவளுக்குப் பள்ளிக்கூடம் வீட்டுக்குள், வாத்தியார் அம்மா, கூடப் படிப்பது அண்ணன் கவினும் தம்பி சர்வேஷும். அவர்கள் இரண்டு பேர் தலையும் ஒட்ட வெட்டிய தலை, பேன் வழுக்கி விழும். அடிகுழாயடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு குசுகுசுவென்று தலையைச் சேர்த்துப் பேசினாளே, அங்கே ஏறியிருக்கும். மொழி தெரியாத பிள்ளைகள். பேனுக்கு என்ன மொழி. "பாடம் வர்றதுக்கு முந்திப் பேன் வந்துருச்சு பாரு சாமி" என்று சொல்லிச் சிரித்தாள் கோகிலா. மடியில் முகம் கவிழ்ந்திருந்த எட்டு வயசுக்காரி சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்கு முதுகு குலுங்கும். குலுங்கவில்லை என்றதும் அவள் சிரிப்பும் பாதியில் நின்றுபோய், விரல் மட்டும் வகிடு வகிடாகப் பிரித்துக்கொண்டு போயிற்று. காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில். வெயில் முதுகில் இதமாக விழுந்தது. ராய்ப்பூரைத் தாண்டிய இந்த ஊரில் மார்கழி வெயிலைக் காசு கொடுத்து வாங்கலாம். கயிற்றுக் கட்டிலில் அவள் பக்கத்தில் போன் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்த வேண்டும். பொழுது சாய்வதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில் ஒன்றும் மலையைப் புரட்டுகிற பதிலில்லை. எந்தப் பை என்று சொன்னால் போதும். ஈரோட்டில் வனஜா டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், இவர்களைப் போல ஊர் ஊராக அலைகிற குடும்பங்களுக்குப் பை கட்டி அனுப்புகிறவர். பாடப்புத்தகம் ஒன்றும் இருக்காது. எல்லாம் கதைப்புத்தகம். கதையைப் படித்துக்கொண்டே மொழி, கதை நடக்கிற ஊரைப் பிடித்துக்கொண்டே பூகோளம், கதைக்குள் வருகிற சந்தையிலேயே கணக்கு. படித்து முடித்துப் பையைத் திருப்பினால் அடுத்த பை. போன பை முடிந்து மூலையில் இருந்தது. காலையில் டீச்சர் மறுபடியும் குரல் அனுப்பி விளக்கியிருந்தார், கோகிலாவுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. "கோகிலா, வயசுப்பைன்னா மூணு பேருக்கும் மூணு. அவங்கவங்க வயசுக்குத் தக்கன, அவங்கவங்களே தனியாப் படிச்சுக்கோணும். வீட்டுப்பைன்னா ஒரே பை, நீங்க சத்தமா வாசிக்க மூணும் ஒட்டுக்கா உக்காந்து கேக்கோணும். வீட்டுப்பையோட ஒரே ஒரு வயசுப்பை சேத்துத் தர்றேன், உங்க கவினாட்டம் பெரிய பையனுக்கு. பொழுதோட சொல்லிருங்க சாமி. லாரி கிளம்பீட்டா அப்பறம் பொங்க நோம்பி கழிச்சுத்தான்." லாரி திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளை போடுகிற ரிக்கு வண்டிக்கு ராடும் பிட்டும் ஏற்றிக்கொண்டு வருவது. கோகிலாவின் வீட்டுக்காரர் செங்கோட்டுவேல் இங்கே இரண்டு போர்வெல் ரிக்குக்கு மேனேஜர். ராடோடு புளி வரும், புளியோடு நல்லெண்ணெய் வரும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் புத்தகப் பையும் வரும். நேற்று மத்தியானம்வரை அவளுக்கு இதில் யோசனையே இல்லை. வயசுப்பை மூணு, முடிந்தது பேச்சு. கவினுக்குப் பன்னிரண்டு, இவளுக்கு எட்டு, சர்வேஷுக்கு நாலு. செருப்பு வாங்கும்போது ஒரே அளவா வாங்குகிறோம்? அளவுக்குத் தக்கன செருப்பு, வயசுக்குத் தக்கன புத்தகம். அப்படித்தான் நினைத்திருந்தாள். அப்புறம்தான் அந்த எருமைக்கன்று.

ஆற்றைத் தாண்டப் பயப்படுகிற ஓர் எருமைக்கன்றின் கதை. தாய் எருமை அக்கரைக்குப் போய்விடும், கன்று இக்கரையில் நின்று கத்தும், கடைசியில் இறங்கும், நடு ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் கால் பாவாமல் தத்தளிக்கும், பிறகு கரையேறும். மிருதுளாதான் தம்பிக்கு வாசித்துக் கொண்டிருந்தாள். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட இந்தப் பக்கம் வந்த கோகிலா, என்ன அழகாக வாசிக்கிறாள் என்று இரண்டு நிமிஷம் நின்றாள். ஏற்ற இறக்கம், நிறுத்துகிற இடம், கன்று கத்துகிற இடத்தில் கத்தல். அப்போதுதான் சர்வேஷ் கேட்டான், "கன்னுக்குட்டி மேல ஏறிருச்சே. இன்னும் ஏன் தண்ணிக்குள்ளங்கற?" "நீ சும்மா கேளுடா" என்றாள் மிருதுளா. "படத்துல பாரு, ஏறிருச்சு. அவங்கம்மா நக்கறா." "கேக்கறயா இல்லயா நீ?" கோகிலா எட்டிப் பார்த்தாள். படத்தில் கன்று அக்கரை ஏறி ஈரத்தோடு நின்றது, தாய் நக்கிக்கொண்டிருந்தது. எழுத்தும் அதைத்தான் சொன்னது. மிருதுளாவின் வாய் மட்டும் நடு ஆற்றில் இருந்தது. கால் பாவவில்லை, சேறு வழுக்கியது, மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது என்று ஒரு சொல் பிசகாமல் ஓடியது. விரல்கூட வரிமேல் வரியாக நகர்ந்தது, வேறு வரிகள் மேல். கோகிலா பானையோடு திரும்பிவிட்டாள். பிள்ளைகள் போனபின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. சர்வேஷ் சப்பாத்திக்குத் தொட்ட வெல்லப்பாகு. நடு ஆறு முழுக்க அந்த ஒட்டலுக்குள் இருந்தது. நகத்தை விட்டு மெல்லப் பிரித்தாள். பிரிந்ததும் கழுத்தளவு தண்ணீரில் கன்று அவளைப் பார்த்தது.

பிரிக்காமல் விட்டிருந்தால் என்ன. இந்த ஒரு தரம் மனப்பாடமாகச் சொன்னாள், குழந்தை, விளையாட்டு, கண் அசந்துபோயிருக்கும். ராத்திரி முழுக்க அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். காலையில் கடுகு டப்பா மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "மிருது, இதுல என்ன எழுதியிருக்குது சொல்லு, அம்மாக்குக் கண்ணு எரியுது" என்றாள். மிருதுளா டப்பாவை ஆட்டிச் சத்தம் கேட்டாள். "கடுகு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். காகிதத்தில் சோம்பு என்று இருந்தது. பழைய காகிதம், டப்பா மாறியது கோகிலாவுக்கு மட்டும் தெரியும். கெட்டிக்காரி. எவ்வளவு கெட்டிக்காரி. காது ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை நாள் உலகத்தை ஓட்டியிருக்கிறாள். அஞ்சு வயசில் ஜபல்பூரில் பள்ளிக்கூடம் சேர்த்தார்கள், எழுத்துக்குத் தலைமேல் கோடு போடுகிற ஊர். பாதிக் கோடு போடுவதற்குள் ரிக்கு சம்பல்பூர் பக்கம் போயிற்று, எழுத்தை உருண்டை உருண்டையாகச் சுழிக்கிற ஊர். மழைக்கு ரிக்கு வேலையில்லாமல் படுத்ததும் இரண்டு மாசம் ஊரில், அங்கே தமிழ் எழுத்து. மறுபடி இங்கே, மறுபடி தலைக்கோடு. கவின் ஊரிலேயே இரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டுக் கிளம்பியவன், அவனுக்கு ஒரு எழுத்து வேர் பிடித்திருந்தது, எங்கே நட்டாலும் தழைத்தான். சர்வேஷுக்கு இனிமேல்தான். நடுவில் பிறந்தவள் நடுவிலேயே விழுந்துவிட்டாள். இதைப் பார்க்காமல் நான் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன். சமைத்துக்கொண்டிருந்தேன். ரிக்கில் வேலை செய்கிற எட்டுப் பேருக்கும் சேர்த்துச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். "ஸ்ஸ்" என்று உதட்டை இழுத்துக் கட்டைவிரல் நகங்களை நெருக்கினாள். பேன் குத்தும்போது எல்லாப் பெண்களும் போடுகிற சத்தம். ஒன்று போயிற்று.

அதோடு விட்டாளா. போன மாசம் மிருதுளா வாசிப்பதைப் போனில் பிடித்து டீச்சரின் குழுவுக்கு அனுப்பி வைத்தவளும் கோகிலாதான். எத்தனை கைதட்டல் படம் வந்து விழுந்தது! துபாயிலிருந்து ஒருத்தி, குஜராத்திலிருந்து ஒருத்தி, எங்க பிள்ளைக்கு இந்தத் தெளிவு வரலீங்களே என்று கேட்டார்கள். நானும் சும்மா இருக்காமல், தினமும் அரை மணி நேரம் சத்தமாக வாசிக்க வையுங்கள், தானே வரும் என்று புத்தி சொன்னேன். பெரிய கல்லூரி வாத்தியாரம்மா. இப்போது எட்டு வயசுப்பை வந்தால் மிருதுளா அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவாள். வாசித்துக் காட்ட ஆளில்லாத புத்தகம், காதுக்கு ஒன்றும் விழாது. தாளைத் தாளைப் புரட்டுவாள். கால் பாவாது. உண்மையைச் சொல்லி நாலு வயசுப்பை இரண்டு கேட்டால் கவின் சும்மா விடுவானா, "சர்வேஷ் கிளாஸ்மேட்டு" என்று ஒரு பட்டப்பெயர் ஒட்டும், அது கல்யாணம்வரை உரியாது. குழுவில் கேட்பார்கள். டீச்சர் கேட்பார். எல்லோரும் கேட்டுவிட்டுப் போகட்டும், இவள் முகம் என்னவாகும்? தோற்றுப்போனால் அழுகிற பிள்ளையில்லை. கல்லாகிவிடுகிற பிள்ளை. சம்பல்பூரில் ஒரு தரம் கையெழுத்தைப் பார்த்து யாரோ சிரித்தார்கள் என்று பென்சிலைப் பிறகு அவள் தொடவே இல்லை. வீட்டுப்பை வாங்கிவிடலாமா. ஒரே புத்தகம், நான் வாசிப்பேன், மூன்றும் கேட்கும், யாருக்கும் யாரும் பெரிசில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் பயமாக இருந்தது. கோகிலா படித்ததே அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில்தான். ஒரே கூடம், அஞ்சு வகுப்பு, இரண்டு வாத்தியார். அதில் ஒருவர் தினமும் ஏதாவது ஆபீஸ் வேலையாகப் போய்விடுவார். இரண்டாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்துகொண்டு நாலாம் வகுப்புக் கதையை ஒட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். கணக்குப் போடுகிற மாதிரி குனிந்துகொண்டு, பெரிய பிள்ளைகள் வாசிக்கிற மான் கதையில் மான் தப்பிக்குமா தப்பிக்காதா என்று உள்ளங்கை வேர்க்கக் காத்திருப்பாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அப்படிக் காதில் விழுந்ததுதான். ஒட்டுக்கா உட்கார்ந்து கேட்பது எவ்வளவு நல்லது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அதே கூடத்தில், அதே வரிசையில், பக்கத்திலேயே அன்னக்கொடி உட்கார்ந்திருந்தாள். கூட்டமாகச் சொல்லும்போது அவள் குரல்தான் முன்னால் நிற்கும். வாய்ப்பாடு அவள் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டு. வாத்தியார் அவள் குரலை நம்பி வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார். பல வருஷம் கழித்து, கோகிலா முழுகாமல் இருந்தபோது, சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். "கோகிலா, இது ஈரோடு போகுமாடி?" என்று கேட்டாள் அன்னக்கொடி. பஸ்ஸின் நெற்றியில் பானை அளவு எழுத்தில் ஈரோடு என்று இருந்தது. "என்னடி, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று சிரித்தாள் கோகிலா. "ஆமாண்டி, கண்ணாடி போடோணும்" என்று அவளும் சிரித்தாள். இருபத்திரண்டு வயசு. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனபின்தான் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்த மாதிரி அது உறைத்தது. அஞ்சு வருஷம். எல்லோருக்கும் முன்னால் சத்தமாகச் சொல்லிக்கொண்டே. ஒரே கூடம்தான். எனக்குக் கொடுத்தது, அவளை மூடிவிட்டது. ஒரே கூரை, ஒரே கூட்டம். அன்றைக்கு வயிற்றில் இருந்தது யார், கவினா, இவளா? கணக்குப் பார்த்தாள். இவள்தான். கை நின்றுவிட்டது. "அம்மா, பாரு" என்று மடிக்குள்ளிருந்து குரல் வந்தது. பார்த்தாள். "ஸ்ஸ்." இன்னொன்று.

போன் அதிர்ந்தது. டீச்சரோ என்று அவசரமாக எடுத்தாள். வீட்டுக்காரர். பின்னால் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது, போரில் ராடு இறங்குகிற சத்தம். "ஏம்புள்ள, சாப்பாட்டுல உப்புப் போடறத மறந்துட்டயா? பசங்க மொணங்கறானுங்க." "போட்டனே." "போட்டுட்டுக் கலக்காம உட்டிருப்ப, அதான் ஒருத்தனுக்கு உப்பே இல்ல, ஒருத்தனுக்கு ரொம்ப எச்சு." சிரித்தார். கோபமில்லை, அலுப்பு. "தண்ணி வந்துதுங்களா?" என்றாள். "எங்க. முந்நூறு அடி போயாச்சு, புகைதான் வருது." பாறைத்தூள் புகையாகக் கிளம்பினால் கீழே ஈரமில்லை என்று அர்த்தம். "விடறதா, இன்னம் அம்பது போறதான்னு தோட்டத்துக்காரரு கேக்கறாரு. நான் என்ன சாமியா?"  பிறகு அவரே, "புத்தகத்துக்குச் சொல்லீட்டயா? கவினுக்குப் பெரிய பை மறக்காத. அடுத்த வருஷமாவது அவன ஊர்ல சேத்தோணும், பின்தங்கிறப் போறான்." "மாமா, மிருதுவுக்கு…" என்று ஆரம்பித்தாள். மடியில் இருந்த தலை அசையவில்லை, ஆனால் பிடரி நரம்பு கயிறாக விறைத்தது. விரலில் தெரிந்தது. "மிருதுவுக்கென்ன, அவ கில்லி" என்றார் அவர். "ஆமாங்" என்றாள் கோகிலா. "வெக்கட்டா, மேல போறேன்." வைத்துவிட்டார். விடுவதா, இன்னும் அம்பது அடி போவதா. மேலே நின்று எப்படித் தெரியும்? அவர் கை வைத்துப் பார்ப்பார், ராடு நடுங்குகிற நடுக்கத்தில் பாறை மாறுவது தெரியும் என்பார். அவள் கை இப்போது அந்தப் பிடரியில் இருந்தது.

கேட்டுவிடலாம். இதைவிட நல்ல நேரம் வராது. முகம் கவிழ்ந்திருக்கிறது, கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு பேருக்குமே. கவின் உள்ளே படுத்துக்கொண்டு பொட்டலம் கட்டி வந்த பழைய செய்தித்தாளைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருக்கிறான். சர்வேஷ் தூங்குகிறான். மிருது, உனக்குப் படிக்க வருமா சாமி? எப்படிக் கேட்டாலும் அது குத்துகிற கேள்வியாகத்தான் வந்தது. வருமா என்றால் வரும் என்பாள். வராதா என்றால் கல்லாவாள். நீ கவலைப்படாதே என்று தொடங்கினால், அப்போ கவலைப்பட ஏதோ இருக்கிறது என்றாகும். நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போயிற்று. நேரம் வேண்டும், இன்னும் சித்த நேரம் இந்தத் தலை மடியில் இருக்க வேண்டும். பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்தாள். பார்த்த வகிட்டையே மறுபடி எடுத்தாள். பேன் எப்போதோ தீர்ந்துவிட்டது, மொத்தமே நாலோ அஞ்சோதான். இருந்தாலும் விரலை ஓட்டி, நகத்தை நெருக்கி, "ஸ்ஸ்" என்றாள். அப்புறம் இன்னொரு "ஸ்ஸ்." வெயில் கட்டில் காலைவிட்டு இறங்கி மண்ணுக்குப் போயிருந்தது. லாரியில் ராடு ஏற்றி முடித்திருப்பார்கள், தார்ப்பாய் கட்டிக்கொண்டிருப்பார்கள். டீச்சர் வீட்டு வாசலில் இரண்டு விதமாகவும் பை எடுத்து வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஸ்ஸ்."

"அம்மா."

"ம்."

"பேனே இல்ல."

"இருக்குது இரு, பெரிசா ஒண்ணு ஓடுது."

"இல்ல. குத்துனா நகத்துல டிக்குனு கேக்கும். முதல்ல கேட்டுது. அப்பறம் டிக்கு இல்ல, ஸ்ஸு மட்டும் வருது. நீ சும்மா வாய்ல சத்தம் உடற."

கோகிலாவுக்கு உடம்பு ஒருமுறை கூசியது. பிடிபட்டவர்களுக்கு வருகிற கூச்சம், கழுத்தில் தொடங்கிக் காதுவரை சூடாக ஏறியது. எத்தனை நேரமாகத் தெரியும் இவளுக்கு? தெரிந்தும் தலையைக் கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். எழுந்து ஓடவில்லை. ஏன் பொய்யாகப் பண்ணுகிறாய் என்று கேட்கவில்லை. சும்மா சத்தம் விடுகிறவளைப் பற்றி இவளுக்குத் தெரியாதா? அந்த வேலையின் கஷ்டம் இந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும், ஓய்ந்துபோகாமல், இடம் தப்பாமல், யாருக்கும் சந்தேகம் வராமல், நாள் பூராவும். "ஆமா சாமி" என்றாள் கோகிலா. "பேன் தீந்துபோச்சு. உன்னைய எழுப்ப மனசில்லாம சும்மாதான் பண்ணுனேன்." மடிக்குள்ளிருந்து மூச்சு மட்டும் புடவை வழியாகச் சூடாகத் தொடையில் பட்டது, ஒன்று, அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அந்தப் புத்தகத்தில் ஒட்டியிருந்ததைப் பிரித்துவிட்டேன் என்று சொல்லலாமா? வேண்டாம். இப்போது வேண்டாம். போனை நிமிர்த்தி டீச்சர் பெயரைத் தொட்டாள்.

"சொல்லுங்க கோகிலா, உங்க லாரிக்காரரு வாசல்லயே நின்னு ஆரன் அடிக்கறாரு."

"வீட்டுப்பை குடுத்துடுங் டீச்சர்."

"நல்லது. கூட கவினுக்குப் பெரிய பை, அப்படித்தானுங்களே?"

கவின் முகம் ஒரு நொடி வந்து போயிற்று. பையைப் பிரித்து, கையை விட்டுத் துழாவி, எனக்கு எங்கே என்று கேட்கப்போகிற முகம். அவனுக்கு அவங்கப்பா என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன். அவன் நீந்துவான். பொட்டலக் காகிதத்தில்கூட நீந்துவான். ஒரு பொங்கல்வரை பொறுக்கட்டும், திட்டட்டும். "இல்லீங் டீச்சர். கூட, சின்னப் பை வைங்க. எழுத்து ஆரம்பிக்கற பை."

"நாலு வயசுப்பையா? சர்வேஷுக்கு இப்ப என்னங்க அவசரம், அவன் வெளையாடட்டுமே. கவினுக்கு விட்டுப்போயிருமே."

"இருக்கட்டுங். வீட்டுல எழுத்துச் சொல்லிக்குடுக்க ஒரு ஆளு இருக்குது. அதுக்குத்தான் அந்தப் பை. சர்வேஷுக்கு அவதான் இனிமே வாத்தியாரு, முந்தின நாளே அவ ஒரு தரம் பாத்து வெச்சுக்கோணுமில்லீங்களா."  டீச்சர் முப்பது வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவர், என்ன புரிந்ததோ, "எடுத்து வெக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் லாரி ஆரன் நீளமாக அடித்து ஓய்ந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தாள். மிருதுளா எழுந்திருக்கவில்லை. எழுந்து முகத்தைக் காட்டாமலே, புடவைக்குள் பேசுகிற குரலில், "அந்தச் சின்னப் பையில மொத எழுத்துல இருந்து இருக்குமா?" என்றாள்.

"மொத எழுத்துல இருந்து."

"எல்லா எழுத்தும்?"

"ஒண்ணு உடாம."

"கவினு பாப்பானா?"

"அவனுக்கு அதுல என்ன வேல. வாத்தியாரும் நானும்தான் பாப்போம், மத்தியானத்துல, இந்தக் கட்டில்ல."

 பிறகு பிடரியில் விறைத்திருந்த கயிறு எங்கேயோ அவிழ்ந்தது. அதுவரை தலையைத் தானே தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் பிள்ளை, இத்தனை நேரமும், மடியில் வைத்த மாதிரி காட்டிக்கொண்டே. இப்போது முழுப் பாரமும் வந்து இறங்கியது. கோகிலாவின் கால் மரத்துப்போயிருந்தது. அசைக்கவில்லை.

"அம்மா, இன்னொரு தரம் பாரு" என்றாள் மிருதுளா. "ஸ்ஸு உட்டாலும் பரவால்ல."